வெயிலுகந்தம்மாளோடு நடந்து வந்த வேப்பமரம்

தெற்கே இருந்து ஒரு வேப்பமரம் நடந்து வந்துகொண்டிருக்கிறது, கூடவே ஓர் அம்மாள் வருகிறார், மரத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம் என்ற சேதி, ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போன வண்டியோடு திரும்பி எங்கள் நொச்சிவலசுக்கு வந்து சேர்ந்தபோது, மரம் எப்படி நடக்கும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பெண் உயரமா, கிளை பரந்த உடம்பா, குளத்தங்கரையில் ஒண்டியாக நிற்கும் நம் அரசமரத்துக்குப் பொருந்துமா என்றுதான் கேட்டோம். அரசும் வேம்பும் ஜோடியாக நின்று, அடியில் ஒரு பிள்ளையார் இருந்து, ஊர் கூடி இரண்டுக்கும் தாலி கட்டிவைத்தால்தான் ஒரு குளத்தங்கரைக்கு மரியாதை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் பிள்ளையாருக்குச் சில வருஷங்களாக அந்த மரியாதையில் பாதிதான் கிடைத்துக்கொண்டிருந்தது.

அந்த அரசமரத்துக்கு எதிரே மாவு மில் வைத்திருப்பவன் நான். மில் சத்தத்தில் எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் என் முன்னால் எல்லாவற்றையும் பேசுவார்கள். அந்த அம்மாள் எங்கள் ஊரில் இருந்தபோது வெந்நீர் அண்டாவில் காலை வைத்துக்கொண்டு சொன்னது, வழியூர்களில் இருந்து வந்தவர்கள் சொன்னது, நானே கண்ணால் பார்த்தது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் கூட்டிச் சொல்வேனே தவிர, குறைத்துச் சொல்லமாட்டேன்.

அம்மாளின் பெயர் வெயிலுகந்தம்மாள். சாத்தூருக்குத் தெற்கே ஒரு சின்ன டவுனில், டெலிபோன் பேச வேண்டுமென்றால் எக்சேஞ்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த காலத்தில், அந்த எக்சேஞ்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். காதில் மாட்டிய கருவியும் கையில் சொருகுகிற வயருமாக, விருதுநகரா, லைன்ல இருங்க, உசிலம்பட்டியா, லைன்ல இருங்க, வத்தலக்குண்டு பிஸியா இருக்கு, தாராபுரம் மணி அடிக்குது யாரும் எடுக்கல என்று பகல் முழுக்க ஊர்ப் பெயர்களாகவே சொல்லிச் சொல்லி, அந்த ஊர்களில் பிறந்த குழந்தைக்கும் இறந்த கிழவருக்கும் ஏறிய விலைக்கும் இறங்கிய விலைக்கும் நடுவில் உட்கார்ந்து, ஓர் ஊரைக்கூடக் கண்ணால் பார்க்காமல் ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி வருத்தப்படவும் இல்லை, ஏனென்றால் யாராவது வந்து கேட்கும்போதுதான் அவருக்கே அது ஞாபகம் வரும்.

வீட்டைச் சாலை அகலப்படுத்த எடுத்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற வேப்பமரத்தின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண் எழுதிவிட்டுப் போனார்கள். பல்லடத்தில் இருந்த தம்பி சீனிராஜ், "அக்கா, ஒனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கி வச்சிருக்கேன், கட்டில் போட்டாச்சு, ஃபேன் போட்டாச்சு, பஸ் ஏறி வந்துரு" என்றார். நல்ல தம்பி. "வாரேன்யா, ஆனா நடந்து வாரேன்" என்றார் அக்கா. நடந்தா, எதற்கு, இந்த வயசிலா, முட்டி என்ன ஆகும் என்று தம்பி அடுக்கிக்கொண்டே போக, "ஒக்காந்தது போதும் சீனி, நான் பேரு சொன்ன ஊரையெல்லாம் ஒரு தடவ பாத்துட்டு வந்திருதேன்" என்று போனை வைத்துவிட்டார்.

ஆவணி மாதத்து ஒரு காலையில் கதவைப் பூட்டி, தோளில் பையும் கையில் குடையுமாக அவர் தெருமுனை திரும்பும்போது, பின்னால் மண் பிளக்கும் சத்தம் கேட்டது. வேப்பமரம் முதலில் ஒரு பக்கத்து வேரைத் தூக்கி உதறியது, பிறகு மறு பக்கத்து வேரை, ஓடையைக் கடக்கிற பெண் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வதுபோல எல்லா வேரையும் சேர்த்துக்கொண்டு, வாசல் படியை இடிக்காமல், கரண்டுக் கம்பியில் படாமல் தலையைக் குனிந்து, தெருவில் இறங்கி அவர் பின்னால் வந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி, "யக்கா, ஒங்க மரம் வருது" என்றாள். "பாத்துட்டேன்டி, வரட்டும், வெயிலுக்கு ஆகும்" என்றார் வெயிலுகந்தம்மாள். சாலைக்காரர்கள் வெட்ட வந்தபோது குழிதான் இருந்தது. ஒரு வேலை மிச்சம் என்று அதில் ஜல்லியைக் கொட்டிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

மரம் சாலையின் இடது ஓரமாக, அம்மாளுக்குக் கொஞ்சம் பின்னால், நிழல் சரியாக அவர் தலைமேல் விழும்படி வந்தது. அதில் கூடு கட்டியிருந்த இரண்டு காக்கைகள் இரை தேடப் போய்த் திரும்பும்போது வீடு இருந்த இடத்தில் இல்லாமல் முதல் நாள் கத்தித் தீர்த்தன, மறுநாள் பழகிக்கொண்டன. சுங்கச்சாவடியில் லாரியைவிட அகலம், ஆனால் சக்கரம் இல்லை, என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ஆம்புலன்ஸ் போகிற ஓரப் பாதையைத் திறந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர்கள் மரம் வருவதைப் பார்த்ததும் பெஞ்சை வெளியே எடுத்துப் போட்டார்கள். இரண்டு டீ குடிக்கிற நேரம் நிழல் சும்மா கிடைக்கிறதே, யார் விடுவார்கள். தூரத்திலிருந்து வெயிலைக் கடந்து வந்த சனங்கள் அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நிழலுக்குள் நுழைந்து, தங்கள் ஊர் வந்ததும் கும்பிட்டுப் பிரிந்தார்கள்.

விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டி வாசலில் நின்று, "தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். உள்ளே மூட்டைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த பெரியவர், கண்ணில் புரை விழுந்தவர், படக்கென்று நிமிர்ந்து, "தாயி, லைன்ல இருங்கன்னு ஒரு தடவ சொல்லு" என்றாராம். இவர் சொன்னார். "பம்பாய்க்குப் போட்டுக் குடுப்பியே, அந்தப் புள்ளதான! தெனமும் காலையில மொதக் குரல் ஒன்குரல்தாம்மா. வெல எறங்கிப் போச்சுன்னு பம்பாய்க்காரன் சொல்லுவான், நீ போட்டுக் குடுத்த லைன்னு மனசு ஆறிக்கிடும்" என்றார் அந்தத் தனுஷ்கோடி அண்ணாச்சி. பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "எனக்கு இப்பக் கண்ணு தெரியல. நீ எப்பிடி இருப்பம்மா?" என்று கேட்டார். "நல்லா இருப்பேன் அண்ணாச்சி" என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். தண்ணீர் வாங்க வந்தவர் மதியச் சோறும் சாப்பிட்டு, வாசலில் காத்திருந்த மரத்துக்கு ஒரு குடம் ஊற்றிவிட்டுப் புறப்பட்டார். அன்று நடந்த தூரம் முழுக்கத் தன் பழைய நாற்காலியை நினைத்துக்கொண்டே வந்ததாகவும், அதன்மேல் இருந்த கோபம் திருமங்கலம் வருவதற்குள் வழியிலேயே எங்கோ கழன்றுவிட்டதாகவும் என்னிடம் சொன்னார்.

நடக்கும்போது நினைவுகள் அப்படித்தான் இருக்குமாம். உட்கார்ந்திருந்தால் மடியில் ஏறிக்கொண்டு இறங்க மறுப்பவை, நடந்தால் கொஞ்ச தூரம் கூட வந்துவிட்டுப் போதும் என்று நின்றுவிடுமாம். நான் மில்லில் உட்கார்ந்தே இருப்பவன் என்பதால் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளைப் பேச்சு ஆரம்பித்தது வத்தலக்குண்டுப் பக்கம். மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள், ஒரு வயதான பெண்மணியும் பின்னால் தலைகுனிந்து ஒரு வேம்பும் வருவதைப் பார்த்து, வேறு எப்படி அர்த்தம் செய்துகொள்வார்கள்? "மகளக் கூட்டிக்கிட்டு மாப்பிள பாக்கப் போறீகளாக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றைக்கு வெயில் அதிகம், விளக்கிச் சொல்ல இவருக்குத் தெம்பு இல்லை. "ஆமாத்தா" என்றுவிட்டார். அவ்வளவுதான். பெண்கள் கையிலிருந்த மொட்டுகளையெல்லாம் சரமாகத் தொடுத்துத் தாழ்ந்த கிளையில் சுற்றிவிட்டார்கள், ஒருத்தி மஞ்சள் துணி கட்டினாள், அடுத்த ஊருக்கு இவர் போய்ச் சேருவதற்குள் அந்த ஊரின் அரசமரத்தைக் கழுவித் திருநீறு பூசித் தயாராக நிறுத்தியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக வரவேற்புதான். எங்கள் அரசுக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, எங்கள் அரசின் அடியில் உட்கார்ந்துதான் பஞ்சாயத்தே நடக்கும், எங்கள் அரசுக்கு நூறு ஏக்கர் ஏரி சொந்தம் என்று அளந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி. இளவயதில் வெயிலுகந்தம்மாளைப் பெண் பார்க்க எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய், பிறகு ஒரு சேதியும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் சுவரோடு ஒட்டி நின்றவர் இப்போது பெண்ணைப் பெற்றவராக நடு நாற்காலியில் உட்கார்ந்து, "யோசிச்சுச் சொல்லி அனுப்புதோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதில் அவருக்கு ஏக சந்தோஷம். மரமும் எந்த அரசையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவர் எழுந்தால் அதுவும் எழுந்தது.

ஆனால் புரட்டாசியில் இலை உதிர ஆரம்பித்தது. வேம்பு மாசியில் உதிர்த்துப் பங்குனியில் துளிர்க்கும், புரட்டாசியில் உதிர்க்காது. முதலில் நிழலில் ஓட்டை விழுந்தது, பிறகு நிழலே வலைபோல ஆனது. ஒட்டன்சத்திரத்தில் மரக்கடை வைத்திருந்த ஒருவர் பட்டையைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "உள்ளுக்குள்ள காயுதுங்கம்மா. மண்ணை விட்டு மரம் எத்தன நாளைக்கு இருக்கும்? இந்த மழைக்குள்ள ஒரு எடத்துல நிலையா ஊனிட்டாத் தப்பிக்கும். இல்லீன்னா தை மாசம் என் கடைக்குத்தான் வரும்" என்றார். வழி முழுக்க விளையாட்டாக இருந்த மாப்பிள்ளை தேடும் வேலை அந்த நிமிஷத்திலிருந்து நிஜமாகிவிட்டது.

தம்பிக்குப் போன் போட்டார். "சீனி, ஒங்க வீட்டுக் கீழ மண்ணு இருக்காய்யா?"

"மண்ணா? மூணாவது மாடிக்கா நம்ம வீடு. கீழ பூராவும் சிமென்ட்டு, காரு நிக்குது."

"ஒரு மரம் நிக்குற அளவுக்கு?"

"அக்கா, நீ மட்டும் வாக்கா" என்றார் தம்பி, பாவம், அன்பாகத்தான்.

ஆக, பல்லடம் போய்ச் சேருவதற்குள் மரத்தை யாரிடமாவது விட்டாக வேண்டும், அதுவும் மழைக்குள். விடவும் அவருக்கு மனமில்லை. இத்தனை தூரம் கூட நடந்தவர்கள் அவர் வாழ்க்கையில் யாரும் கிடையாது. இந்த நிலைமையில்தான் ஐப்பசி பிறந்தும் ஒரு சொட்டு மழையில்லாத ஒரு மத்தியானத்தில், பாதி மொட்டையான மரத்தோடு அவர் நொச்சிவலசுக் குளத்துக் கரையில் ஏறினார்.

நாங்கள் தயாராக இருந்தோம். தலைவர் கிட்டுசாமி வேட்டி மாற்றிக்கொண்டு நின்றார். ஆனால் எங்கள் பக்கம் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் அரசுக்கு இது முதல் கல்யாணம் இல்லை. ஏற்கெனவே ஒரு வேம்பு பக்கத்தில் நின்று, ஒரு சூறைக்காற்றில் சாய்ந்துவிட்டது. அடிக்கட்டை இன்னும் அரசைச் சுற்றிக் கட்டிய மேடையோரம் இருந்தது. பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று அதன்மேல் கோலப்பொடி மூட்டையை வைத்து, நாகர் சிலையை முன்னால் நகர்த்தி, பூவைத் தூவி மறைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டாரின் யோக்கியதை எங்கும் இப்படித்தானே இருக்கிறது.

"பொண்ணு எந்தக் கூட்டமுங்க?" என்று கிட்டுசாமி பேச்சை ஆரம்பித்தார். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் முதலில் குலம் எதுவென்று கேட்டுவிடுவார்கள், கேட்டுப் பழகிய வாய்.

"வேப்பங்கூட்டம்" என்றார் அம்மாள், முகம் மாறாமல்.

அரச மேடையைத் தினமும் கூட்டுகிற தெய்வாத்தாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் கணவனை இழந்தவள், தாராபுரத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை, பொய் சொல்ல வராதவள். சிரித்தவள் அதோடு நிறுத்தவில்லை. "அக்கா, நான் சொல்லீர்றனுங். மாப்பளைக்கு இது ரெண்டாங் கண்ணாலமுங். மொதச் சம்சாரம் காத்துல உழுந்துட்டா. அந்த மூட்டைக்கு அடியில பாருங்."

ஊரே தரையைப் பார்த்தது. வெயிலுகந்தம்மாள் எழுந்து போய் மூட்டையை நகர்த்தி, அந்தக் கட்டையைத் தடவிப் பார்த்தார். "காத்துலதான விழுந்துச்சு, இவரு ஒண்ணும் தள்ளிவிடலியே" என்றார். பிறகு அரசமரத்தைச் சுற்றி வந்து, குளத்தில் கொஞ்சமாகக் கிடந்த தண்ணீரைப் பார்த்து, கரை மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். "நல்ல எடம். நல்ல சனங்க. முடிச்சிருவோம்" என்றார். சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. பம்பாய் வரைக்கும் தெளிவாகப் போய்ச் சேர்ந்த குரல் அது.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மேடையை ஒட்டி ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டினோம், எருப் போட்டோம். தெய்வாத்தாள் தன் வீட்டிலேயே அம்மாளைத் தங்கவைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கல்யாணத்தன்று காலையில் நாதஸ்வரம், தவில், பந்தல், பந்தி எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. சுற்று வட்டாரத்தில் இருந்த வலசு ஊர்களெல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. வேம்புக்கு மஞ்சள் சேலை சுற்றியிருந்தது. அம்மாள் அதன் பட்டையில் கையை வைத்து மெதுவாகப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன், காது மந்தம் என்று நினைத்திருப்பார்.

"இங்க இருந்துக்க தாயி. கொளம் இருக்கு, தொணைக்கு ஆளு இருக்கு. நான் மாடி வீட்டுக்குப் போறவ, ஒன்ன எங்க கொண்டுபோயி வைப்பேன்? எனக்கு ஆசையில்லன்னு நெனச்சிராத. நீ இல்லாம மிச்ச ரோட்ட எப்பிடி நடப்பேன்னு எனக்கே தெரியல. ஆனா என்னால நீ காயக் கூடாது."

கெட்டிமேளம் கெட்டிமேளம் என்றார்கள். மரம் குழியின் விளிம்பு வரை வந்தது. குழிக்குள் பார்த்ததுபோல இருந்தது. நின்றுவிட்டது.

மேளக்காரர்கள் மூச்சு வாங்கி மறுபடி வாசித்தார்கள். பால் ஊற்றிப் பார்த்தோம், தேங்காய் உடைத்தோம், பெண்கள் குலவையிட்டார்கள், பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டோம். முகூர்த்தம் போய், அடுத்த முகூர்த்தமும் போய், பந்தியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் கிட்டுசாமி, "டிராக்டரக் கொண்டாங்கப்பா. இடுப்புல கவுறு போட்டு மெதுவா ஒரு இழு இழுத்து உள்ள எறக்கீர்லாம். உள்ள எறங்கீட்டாச் செரியாப் போயிரும், எல்லாப் பொண்ணுகளும் அப்பிடித்தான்" என்றார்.

வெயிலுகந்தம்மாள் குழிக்கும் ஊருக்கும் நடுவில் வந்து நின்றார். "கவுத்தக் கீழ போடுங்க" என்றார். "என்னையப் பாக்க வந்தப்ப ஒருத்தரும் ஒரு வார்த்த என்னையக் கேக்கல. நானும் இப்ப அதையேதான் செஞ்சேன். எம்புள்ளைய இழுத்து வச்சுக் கட்டிக்குடுக்க மாட்டேன். காஞ்சாலும் எங்கூட நடந்தே காயட்டும்."

சொல்லிவிட்டு அவருக்கே அழுகை வந்துவிட்டது. மரத்தின் உயிர் போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னார் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. கிட்டுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சனங்கள் கையலம்பிக்கொண்டு மெல்லச் சாப்பிடப் போனார்கள், வேறு என்ன செய்வது.

மழை அப்போதுதான் வந்தது. அத்தனை நாள் பொறுத்திருந்த ஐப்பசி மழை, பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. சனம் என் மில்லுக்குள் ஓடி வந்து நெருக்கியடித்து நின்றது. அம்மாள் மட்டும் வரவில்லை. குழியோரத்தில் உட்கார்ந்திருந்தார். குழியில் தண்ணீர் ஏறி, எருவும் பாலும் கலந்து, விளிம்பு வரை தளும்பியது. இத்தனை நாள் நடந்து வீங்கிய கால் அவருடையது. அவர் ஒன்றும் யோசிக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை முட்டிவரை ஏற்றிக்கொண்டு, இரண்டு காலையும் அந்தத் தண்ணீருக்குள் விட்டார். "அப்பாடா" என்று அவர் சொன்னது மில் வாசலில் நின்ற எங்களுக்கே கேட்டது.

மரம் அதைப் பார்த்தது. பார்த்தது என்றுதான் சொல்வேன். பிறகு ஒரு வேரை மட்டும் தூக்கி, சுடுதண்ணீரோ என்று பயப்படுகிறவர்கள் விரலால் தொட்டுப் பார்ப்பதுபோல நுனியை நனைத்தது. எடுத்தது. மறுபடி நனைத்தது. அப்புறம் ஒவ்வொரு வேராக, அம்மாளின் காலுக்குப் பக்கத்தில், அவர்மேல் படாமல், முழுக்க உள்ளே விட்டுவிட்டது. குழித் தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது, மழை மறுபடி நிரப்பியது, மறுபடி இறங்கியது. நாங்கள் மில்லுக்குள் கைதட்டினோம். கிட்டுசாமி இடுப்பில் செருகியிருந்த தாலிக்கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு, காலையில் கட்டிவிடலாம் என்றார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை விட்டது. தெய்வாத்தாள் வந்து அம்மாளைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

விடிந்து பார்த்தால், மரம் முழுக்கச் செம்பு நிறத்தில் துளிர். அப்படியொரு துளிரை நான் பங்குனியில்கூடப் பார்த்ததில்லை. காக்கைகள் இரண்டும் திரும்பி வந்து தங்களுக்குத்தான் இந்த ஏற்பாடு என்பதுபோலக் கூட்டைச் சரிசெய்துகொண்டிருந்தன. ஊரே மேடையைச் சுற்றி நின்றது. வெயிலுகந்தம்மாள் விடைபெற்றுப் போவதற்காகப் பையும் குடையுமாக வந்தார். கிட்ட வந்து பட்டையைத் தடவி, "நல்லாரு தாயி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையில் இறங்கினார்.

மரம் குழியிலிருந்து காலை எடுத்தது. ஒவ்வொரு வேராக எடுத்து, சேற்றை உதறி, எங்கள் வேட்டியெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெறிக்க, விருந்தில் வயிறாரச் சாப்பிட்டவர்கள் கிளம்புகிற நிதானத்தோடு அவர் பின்னால் போய் நின்றது. நிழல் மறுபடி அவர் தலைமேல் சரியாக விழுந்தது.

அம்மாள் நிழலைப் பார்த்தார், திரும்பினார், மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். "அடி இவளே, இவ்வளவுதானா? காலு நனைக்க ஒரு எடம். அதுக்கா ஒன்ன ஊரூரா வித்துக்கிட்டு வந்தேன்?" என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நிலையாக ஓரிடத்தில் ஊன்றினால்தான் பிழைக்கும் என்று மரக்கடைக்காரர் சொன்னார், நாங்கள் சொன்னோம், ஊர் உலகம் எல்லாம் சொன்னது. கொஞ்சம் ஊன்றி, குடித்துவிட்டு, எடுத்துக்கொண்டு போகலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மரத்துக்கே கூட அவர் காலைப் பார்த்துத்தான் தோன்றியிருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டார். "சீனி, வாரேன்யா. ஆனா நெலையாத் தங்க இல்ல. கொஞ்ச நாளு இருந்து ஒங்கூடச் சோறு தின்னுட்டு, அந்தாக்குல ஈரோடு பக்கம் போலாம்னு இருக்கேன். அந்தூருக்கும் நெறைய லைன் போட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் தம்பி சொன்னது எங்களுக்கே கேட்டது. "சரிக்கா. எவ்வளவு ஆழத்துக்கு வேணும்? பார்க்கிங்ல என் காரு நிக்குற எடத்துச் சிமென்ட்ட ஒடைக்கச் சொல்லுதேன். காரத் தெருவுல விட்டுக்கிடுதேன்."

"ஒரு ஆளு ஆழம்" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டு மறுபடி கொஞ்சம் அழுதார், அது வேறு அழுகை.

அவர் போய்விட்டார். எங்கள் குழியை மூடவில்லை. மூட வேண்டும் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அடுத்த ஊர்க்காரர்கள் கேள்விப்பட்டு, மழைத் தண்ணீர் தேங்குகிற இடமாகப் பார்த்து அவர்களும் ஒரு குழி வெட்டினார்கள், அதற்கடுத்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெருமைக்காரர்கள், குழிக்குச் சுற்றிலும் உட்கார ஒரு கல்லும் போட்டார்கள். இப்போது ஐப்பசி பிறந்தால் அந்தச் சாலையில் ஊருக்கொரு குழி சுத்தம் செய்யப்படுகிறது, எரு போடப்படுகிறது, வழிப்போக்கர் யாராவது காலை வைத்து உட்கார்ந்திருந்தால் யாரும் எழுப்புவதில்லை. அம்மாள் ஈரோடு போய், மேட்டூர் போய், திரும்பித் தெற்கே வருகிற வழியில் இருக்கிறார் என்று காய்கறி வண்டிக்காரர்கள் சொல்கிறார்கள். மரம் பூத்திருக்கிறதாம்.

போன வாரம் அரச மேடையைக் கூட்டிக்கொண்டிருந்த தெய்வாத்தாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு மில்லுக்கு ஓடி வந்தாள். போய்ப் பார்த்தோம். எங்கள் அரசமரத்தின் அடியில், சுற்றிலும், மண் லேசாகப் பிளந்திருந்தது. கைவிரல் நுழைகிற அகலம், அவ்வளவுதான். உடனே கூட்டம் போட்டோம். மண்ணை மிதித்து இறுக்கிவிடலாம் என்றார் ஒருவர். சிமென்ட் பூசிவிடலாம் என்றார் இன்னொருவர். மரம் கிளம்பிவிட்டால் அப்புறம் பிள்ளையார் தலையில் அடிக்கிற வெயிலுக்கு யார் பொறுப்பு என்று மூன்றாமவர் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிட்டுசாமி அரசமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய ஒரு கால் அந்தப் பிளவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஓர் அடி எடுத்துவைத்து அழுத்தியிருந்தால் போதும். அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, "ஆரும் மிதிக்காதீங்கப்பா. அவங்க திரும்பி வாரப்ப அதுவே பாத்துக்கட்டும்" என்றார்.

மறுநாள் தெய்வாத்தாள் தாராபுரம் பஸ் ஏறிப் போய், தோல் செருப்பில் நல்ல கெட்டியாகப் பார்த்துத் தன் காலுக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தாள்.